வெளுத்துத் தெரிந்த கொல்லை

எனக்குக் கரும்பு பிடிக்காது. பல் கூசும். பொங்கல் வந்தால் வடக்கு மாட வீதி முழுக்கக் கட்டுக் கட்டாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். நானும் ஒரு ஜோடி வாங்கி வந்து பூஜைக்கு வைப்பேன், மறுநாளே வேலைக்காரிக்குக் கொடுத்துவிடுவேன். அந்தக் கறுப்புக் கரும்பிலிருந்துதான் சர்க்கரை எடுக்கிறார்கள் என்று ஐம்பது வயது தாண்டும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆலைக்குப் போகிற கரும்பு வேறு ரகம், அது வெளிர் பச்சையாக இருக்கும் என்று என்னிடம் வேலை பார்த்த நூர் முஹம்மதுதான் சொன்னார். அதற்குள் நான் ஒரு சர்க்கரைக் கம்பெனியின் மகசூல் கணிப்புப் பிரிவுக்குத் தலைவியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

நீங்கள் விசாரணை அதிகாரி. உங்கள் கையிலிருக்கும் தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பரீட்சை ஹாலில் பழகின கண். ‘அபயாம்பாள், வயது ஐம்பத்து நாலு, எந்தக் கரும்புக் கொல்லைக்கும் நேரில் சென்றதில்லை’ என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறீர்கள். ஏதோ குற்றம் மாதிரி. சார், அது என் தகுதி. கொல்லையில் இறங்கினால் ஒருவன் இளநீர் வெட்டிக் கொடுப்பான், ஒருத்தி குழந்தையைக் கொண்டுவந்து காட்டுவாள், மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வானத்திலிருந்து பார்க்கிறவளுக்கு எல்லாரும் ஒன்றுதான்.

இருபத்தாறு வருஷம் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். முதல் வரிசை கொட்டாவி விடும், கடைசி வரிசை ஸ்வெட்டர் பின்னும். மெட்ராஸில் எதற்கு ஸ்வெட்டர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒருமுறை பலகையில் ஒரு சாதாரணக் கூட்டலில் தவறிவிட்டேன். அறுபது பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பதினொரு வருஷம் என் கூடவே லஸ் வரைக்கும் நடந்து வந்தது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லவேண்டும், நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதால் நானே சொல்கிறேன்.

தொண்ணூற்று நாலில் வேலையை விட்டேன். அந்தச் சமயத்தில்தான் தேனாம்பேட்டையில் இருக்கும் இந்தக் கம்பெனி, செயற்கைக்கோள் படத்தை வைத்து விளைச்சலைக் கணிக்க ஓர் ஆள் தேடியது. ஆலை இங்கிருந்து ஐந்து மணி நேரப் பயணம். ஆனால் நாலாவது மாடியில் ஏ.சி. அறையில் உட்கார்ந்தபடியே அந்தப் பக்கத்துக் கரும்பு முழுவதையும் பார்க்கலாம். எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படம் ஹைதராபாத்திலிருந்து வரும். பச்சைப் பயிரெல்லாம் எங்கள் திரையில் சிவப்பாகத் தெரியும். இலை அடர்த்தியாக இருந்தால் நல்ல சிவப்பு, இல்லாவிட்டால் வெளுப்பு. எந்தச் சிவப்புக்கு எத்தனை டன் என்று பழைய எடைகளை வைத்து ஒரு சமன்பாடு போட்டேன். கரும்பு நிற்கும்போதே, வெட்டுவதற்கு நாலு மாதம் முன்னாலேயே, மொத்தம் எத்தனை டன் வரும் என்று சொல்லிவிட்டேன். அதுவரை கரும்பு ஆய்வாளர்கள் மொபெட்டில் போய், ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டு, குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கு எண்பது சரியாக வரும். எனக்கு முதல் வருஷம் தொண்ணூற்றேழு. இரண்டாம் வருஷமும் தொண்ணூற்றேழு.

வீட்டில்தான் மதிப்பில்லை. என் கணவர் கிருஷ்ணஸ்வாமி, கிச்சா என்றால்தான் தெருவில் தெரியும், அவர் மொட்டை மாடியிலிருந்து கத்துவார். “ஏண்டி அபயம், வடாம் காயப் போட்டிருக்கேன், மழை வருமான்னு உன் சேட்டிலைட்டைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்.” அது கரும்பை மட்டும்தான் பார்க்கும் என்பேன். “நம்மாத்து வடாம் அதுக்குக் கண்ணுல படலையாக்கும்” என்பார். அவர் அப்படித்தான்.

மூன்றாம் வருஷம்தான் நீங்கள் கேட்கிற வருஷம். புதிய செயற்கைக்கோள் வந்திருந்தது. முன்பு ஒரு வட்டாரமே ஒரு சிவப்புத் திட்டாகத் தெரியும். இப்போது ஒவ்வொரு கொல்லையும் தனித்தனியாகத் தெரிந்தது. முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. மொத்தம் சொன்னால் போதாது, ஒவ்வொரு கொல்லைக்கும் சொல்லவேண்டும் என்றார். தொண்ணூற்றாறு செப்டம்பரில், மழை மேகம் மூடுவதற்கு முன் எடுத்த படத்தை வைத்து, நாலாயிரத்து இருநூறு கொல்லைகளுக்கும் கணிப்புப் போட்டேன். நீல அட்டை போட்டுப் புத்தகமாக அச்சடித்தார்கள். தி. நகரில் ஒரு ஹோட்டலில் வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எனக்குச் சந்தன மாலை போட்டார்கள்.

மாலையின் வாசனை கைப்பையிலிருந்து போவதற்குள் நூர் முஹம்மது வந்தார். எங்கள் பிரிவில் கொல்லைகளை நேரில் போய்ப் பார்த்து வருவது அவர் வேலை. இராயப்பேட்டைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், ஷூவில் எப்போதும் சேறு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம படத்துல வெளுத்துக் கெடக்குதே, அதெல்லாம் சூப்பர் கரும்பு மேடம்.”

“அப்போ ஏன் வெளுத்திருக்கு?”

“விட்டம் கட்டியிருக்காங்க. காத்துல சாயக்கூடாதுன்னு ரெண்டு வரிசைக் கரும்பையும் இழுத்து, அதோட காஞ்ச இலை, சோகைம்பாங்க, அதாலேயே சேர்த்துக் கட்டிடறாங்க. ஜடை பின்ற மாதிரி. கீழ நின்னு பாத்தா கோட்டை மாதிரி கீது மேடம். மேலேர்ந்து பாத்தா நடுவுல மண்ணு தெரியுது. சேட்டிலைட்டு மண்ணைப் பாத்துட்டுக் கரும்பு இல்லைங்குது.”

“சிவப்பாத் தெரியறதெல்லாம்?”

“பாதி புல்லு, கொடி. கொல்லைப் பக்கமே எட்டிப் பாக்காதவன்துதான் மேடம் நல்லா செவக்குது.”

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் முட்டாள் இல்லை. முதல் இரண்டு வருஷம் மொத்தக் கணக்கு ஏன் பொருந்தியது என்பதும் புரிந்தது. கவனமாகப் பயிர் செய்தவனுக்குக் குறைத்துப் போட்டிருந்தேன், சோம்பேறிக்குக் கூட்டிப் போட்டிருந்தேன். இரண்டையும் சேர்த்தால் சரியாகிவிட்டது. கொல்லை கொல்லையாகப் பிரித்ததும் குட்டு வெளிப்பட்டது.

நூர் முஹம்மது, “திருத்திடலாம் மேடம், ரெண்டு மாசம் டைம் குடுத்தா நானே ஒவ்வொரு கொல்லையா பாத்து எழுதிட்டு வந்துடறேன்” என்றார். நல்ல மனிதர். இப்போதும் சொல்கிறேன், நல்ல மனிதர்.

ஆனால் புத்தகம் அச்சாகிவிட்டது. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அச்சான புத்தகம் மாறாது. கரும்பு என்பது மாறக்கூடிய பொருள், வளரும், காயும், எடை ஏறும், எடை இறங்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் எதை நகர்த்துவது சுலபம்?

அந்த வருஷம் வெட்டு உத்தரவும் என் கம்ப்யூட்டரிலிருந்துதான் போனது. உங்களுக்கு இந்த ஏற்பாடு தெரிந்திருக்காது. ஆலையில் பதிவு செய்த கரும்பை உழவர் தன் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. இன்ன தேதியில் வெட்டு என்று ஆலை உத்தரவு தரவேண்டும், அப்போதுதான் லாரி வரும். வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது, வெல்லம் காய்ச்சுகிறவனுக்குக்கூட. முற்றிய கரும்பை உரிய காலத்தில் வெட்டாவிட்டால் பூ விடும், உள்ளே சக்கையாகும், வாரா வாரம் எடை குறையும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. தானாகவே குறையும்.

நான் குறைத்துச் சொன்ன கொல்லைகள் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவற்றையெல்லாம் வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோனேன். ஒரு கரும்பைக்கூடத் தொடவில்லை. காத்திருக்க வைத்தேன், அவ்வளவுதான். ஆய்வாளர்கள் வாரா வாரம் நாலு கரும்பு வெட்டி எடை பார்த்துச் சொல்வார்கள். மண்ணெண்ணெய்க்கு நாமெல்லாம் ரேஷன் கடையில் காத்திருக்கவில்லையா? ஒரு கொல்லையின் எடை இறங்கி இறங்கிப் புத்தகத்தில் போட்ட எண்ணைத் தொட்டதும் உடனே உத்தரவு அனுப்பிவிடுவேன். அந்த விஷயத்தில் ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை, பதிவேட்டைப் பாருங்கள். நான் கூட்டிச் சொன்ன கொல்லைகள் இன்னும் சுலபம். தோகை, வேர், மண் எல்லாவற்றோடும் லாரியில் ஏற்றி எடை போட அனுமதித்தேன். அவர்களுக்கும் சந்தோஷம்.

ஏப்ரல் முடிவதற்குள் முந்நூற்றுப் பதினொன்று பொருந்திவிட்டன. ஒன்றே ஒன்று இறங்கமாட்டேன் என்றது. அதுதான் வெள்ளைத்துரையின் எட்டு ஏக்கர்.

நான் போட்டது ஏக்கருக்கு முப்பத்தொரு டன். ஜனவரியில் அங்கே நின்றது ஐம்பது. நாலு மாதம் நிறுத்தி வைத்தும் நாற்பதுக்குக் கீழே வரவில்லை. காரணம், அவர் கிணற்றில் தண்ணீர் இருந்தது, அவரும் விடாமல் பாய்ச்சிக்கொண்டிருந்தார். பிடிவாதக்காரர். மே மாதம் முதல் வாரத்தில் அவரே தேனாம்பேட்டைக்கு வந்துவிட்டார். எங்கள் வாட்ச்மேன் ஷரீஃப் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

“மேடம், அந்தக் கரும்புக்காரரு இன்னும் கீறாரு. மூணு நாளா படிக்கட்டுலயே குந்திக்கினு கீறாரு. ஏன் நைனா, ஊருக்குப் போயேன்னா, அந்தம்மா மூஞ்சப் பாக்காம போவமாட்டேங்கறாரு. இன்னா பண்றது?”

வரச்சொன்னேன். மூன்று நாள் என்று எனக்கு முன்பே தெரியும், ஆனாலும் மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது. ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. ஈரத் துணியில் சுற்றின இரண்டு கரும்பு கொண்டு வந்திருந்தார். கம்பளத்தில் தண்ணீர் சொட்டியது.

“கும்புடறேங்கம்மா. நாலு மாசமா உத்தரவு வல்லீங்க. பூவெடுத்துருச்சு. கெணத்துல இன்னும் பத்து நாளைக்குத்தான் தண்ணி. இப்ப வெட்டுனாத்தான் அடிக்கட்ட மறுபடி தழையும், இல்லன்னா வேரோட போயிரும். எனக்கு இந்த எட்டு ஏக்கராவ வுட்டா வேற எதுவும் இல்லீங்க.”

திரையில் அவர் கொல்லையைக் காட்டினேன். சுற்றிலும் சிவப்பு, நடுவில் அது மட்டும் வெளுத்து. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது எங்க கொல்லைங்களா? காமாலை வந்த புள்ள மாதிரி இருக்குதே.”

“முப்பத்தொரு டன்தான் வரும்னு போட்டிருக்கு” என்றேன்.

சிரித்துவிட்டார். அறுபது பெண்கள் சிரித்த மாதிரி இல்லை, அவர் பாட்டுக்குச் சாதாரணமாகத்தான் சிரித்தார். “போன வருசம் அம்பது எடுத்தேங்க. விட்டம் கட்டுனா மேலேர்ந்து பாக்கறப்ப சந்து தெரியத்தான் செய்யும். ஒருக்கா கீழ வந்து பாருங்கம்மா. எங்கூட்டுல ஒரு வாய் சாப்புட்டு வரலாம்.”

“எனக்கு வெயில் ஒத்துக்காது.”

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு, “சரிங்க, முப்பத்தொண்ணுன்னே எழுதிக்குங்க. மீதிக் கரும்ப ஆலைக்குச் சும்மா குடுத்துடறேன். உத்தரவு மட்டும் போடுங்க” என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் அது முடியாத காரியம். ஆலை வாசலில் எடைமேடை இருக்கிறது, கொண்டுவந்தது முழுவதையும் அது காட்டிவிடும். சும்மா கொடுத்தாலும் நாற்பது நாற்பதுதான். பொய்க் கணக்கு எழுதுகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

அதனால் கம்பெனியின் விதிப் புத்தகத்தை எடுத்து ஒரு விதியைப் படித்துக் காட்டினேன். தீப்பிடித்த கரும்புக்கு வரிசை பார்க்காமல் உடனே வெட்டு உத்தரவு தரவேண்டும், இருபத்து நாலு மணி நேரத்துக்குள் லாரி அனுப்பவேண்டும்.

“எரிஞ்சாத்தான் எடுப்பீங்களா?”

“விதி அப்படி இருக்கு.”

“நானே வச்ச பயிருங்கம்மா.”

“நான் ஒண்ணும் சொல்லலையே. படிச்சுக் காட்டினேன்.”

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, அந்த வரிக்கு அடியில் கோடு போட்டுக் கையில் கொடுத்தேன். வெயிலில் நடக்கவைக்க மனசு வரவில்லை. ஷரீஃபைக் கூட அனுப்பி, பஸ் நிலையம் வரை ஆபீஸ் காரிலேயே கொண்டுபோய் விடச் சொன்னேன். கரும்பு இரண்டையும் எனக்கென்று வைத்துவிட்டுப் போனார். சொன்னேனே, பல் கூசும்.

நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. யதேச்சையாக அந்த விதி ஞாபகம் வந்ததா என்று. இல்லை. என் மேஜையின் இரண்டாவது டிராயரில் ஒரு தாள் இருக்கிறது. எரிந்த கரும்பு எவ்வளவு எடை இழக்கும், வெயிலில் கிடந்தால் நாளொன்றுக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருக்கிறேன். மேலே தேதி இருக்கும். அவர் வருவதற்கு ஆறு நாள் முந்தைய தேதி. அவர் வராவிட்டால் தபாலில் அனுப்புவதாக இருந்தேன். நேரில் வந்தது அவருடைய நல்ல குணம்.

ஊருக்குப் போன எட்டாவது நாள் மதியம் கொல்லையைக் கொளுத்தினார். காற்று திரும்பும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். தீ பக்கத்துக் கொல்லையை நோக்கிப் போயிருக்கிறது. அது பேச்சியம்மாள் என்கிற ஒண்டிக்கட்டை அம்மாளுடையது. அவள் கரும்பு எரியக்கூடாது என்று வெள்ளைத்துரை வரப்போரம் ஓடி, நடுவில் நின்ற கரும்பை வெட்டி வழி மறித்திருக்கிறார். பேச்சியம்மாள் கரும்பு தப்பித்தது. வெள்ளைத்துரை வெளியே வரவில்லை. அரிவாளோடு கிடந்தாராம். நூர் முஹம்மது டெலிபோனில் அழுதார். “எட்டு ஏக்கரும் எரிஞ்சுதா?” என்று கேட்டேன். அதைத்தான் அவர் உங்களுக்குக் கொடுத்த புகார் மனுவில் பெரிதாக எழுதியிருக்கிறார். ஒரு பிரிவுத் தலைவி வேறு என்ன கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று அவர் மனுவில் இல்லை. அவருக்கும் தெரியாது. உங்களுக்கு வேலை மிச்சம், நானே சொல்கிறேன். தீ அணைந்த அன்று அந்தக் கரும்பு ஏக்கருக்கு முப்பத்தாறு டன் இருந்தது. விதிப்படி மறுநாள் லாரி அனுப்பியிருக்கவேண்டும். வெள்ளைத்துரையின் மனைவி மறுநாள் காலை, பத்துப் பதினைந்து பேரோடு, அங்கே இருக்கிற எங்கள் கிளை அலுவலகத்துக்கு வந்து நின்றாள். சாவுச் சடங்குகூட முடியாத வீட்டுக்காரி. கிளை அதிகாரி எனக்குப் போன் செய்தார். லாரி இல்லை என்றேன். இருந்தது, பதினாலு லாரி சும்மா நின்றது. அடுத்த நாளும் வந்தாள். இல்லை என்றேன். மே மாத வெயில் ஏக்கருக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் குடிக்கும். நாலு நாள் நடக்கவிட்டு ஐந்தாம் நாள் அனுப்பினேன். எடைமேடை முப்பத்தொன்று புள்ளி இரண்டு காட்டியது.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். தீ வைக்க வைத்தது நான், அவர் செத்த பிறகும் லாரியை நிறுத்தி வைத்தது நான். ‘தவறுதலாக’ என்று எழுதப்போகிறீர்கள் போலிருக்கிறது, வேண்டாம். தவறுதல் என்கிற வார்த்தை எங்கள் பிரிவின் அறிக்கையில் மூன்று வருஷமாக வந்ததில்லை. நாலாயிரத்து இருநூறு கொல்லைகளில் ஒன்றுகூட விலகவில்லை. உலகத்தில் வேறு எங்கேயாவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

நூர் முஹம்மது வேலையை விட்டுவிட்டார். விசாரணை முடிகிறவரை என்னைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள், அந்தச் சமன்பாடு வேறு யாருக்கும் புரியாது. இந்த வருஷத்துப் படமும் வந்தாயிற்று. முதலில் வெள்ளைத்துரையின் கொல்லையைத்தான் தேடிப் பார்த்தேன், என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நீங்கள் நினைக்கக்கூடாது. அவர் மனைவி மே மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் காலே வைக்கவில்லையாம். சோகை உரிக்க ஆளில்லை, விட்டம் கட்ட ஆளில்லை. இடுப்பளவு புல்லும் கொடியும்தான், நல்லதாக ஒரு கரும்பு இல்லை என்று புதிதாகச் சேர்ந்த பையன் எழுதியிருக்கிறான், அனுபவம் போதாது. திரையில் பாருங்கள், எட்டு ஏக்கரும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை குங்குமம் கொட்டின மாதிரி இருக்கிறது, ஓர் இடத்தில்கூட வெளுப்பில்லை. ஐம்பத்து நாலு டன் போட்டிருக்கிறேன். வட்டாரத்திலேயே அதுதான் முதல். வெள்ளைத்துரை மட்டும் இருந்திருந்தால், இதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.